உணர்ச்சியும் மூளையும்: பழைய கொள்கைகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் மாலை நேர உளவளத்துணைக் கற்கைநெறி ஒன்றில் உளவியல் அடிப்படைகளைக் கற்பித்து வருகிறேன். தாதியர், ஆசிரியர், முன்பள்ளி நடத்துவோர், ஓய்வுபெற்றபின் படிக்க வந்தோர் எனப் பலரும் வகுப்பில் இருப்பர். உணர்ச்சிக் கொள்கைகள் என்ற பாடம் வரும் வாரத்தில் ஒவ்வோர் ஆண்டும் ஏறக்குறைய அதே ஐயங்களே எழுகின்றன. பாடக்குறிப்பு இவ்வளவு நீண்ட வழக்கை நாலைந்து வரிகளில் முடித்துவிடுவதுதான் அதற்குக் காரணம் என்று நினைக்கிறேன். கேட்டவர்களின் சொற்களிலேயே கேள்விகளை எழுதி, விடைகளையும் இங்கே தருகிறேன்.

உணர்ச்சிக்கு இடம் மூளை என்று முதலில் சொன்னவர் யார்?

ஒரு பெயரைச் சொல்லி முடிக்க இயலாது. கிரேக்க நாட்டில் ஹிப்போகிறற்றீசின் பெயரால் வழங்கும் மருத்துவ நூல்களுள் வலிப்பு நோய் பற்றிய ஒன்று, மகிழ்ச்சியும் சிரிப்பும் துயரமும் கண்ணீரும் மூளையிலிருந்தே வருகின்றன என்று வெளிப்படையாகக் கூறுகிறது. அதற்குப் பின் வந்த அரிஸ்ரோட்டில் இதற்கு உடன்படவில்லை. அவருக்கு இதயமே மையம். மூளை உடலின் சூட்டைத் தணிக்கும் உறுப்பு. ஆகவே அறிவு படிப்படியாக வளர்ந்து இதயத்திலிருந்து மூளைக்கு வந்தது என்று எண்ண வேண்டாம். இரு கருத்தும் நெடுங்காலம் அருகருகே இருந்தன.

1649இல் பிரெஞ்சு மெய்யியலாளர் டேக்கார்ட் எழுதிய நூலில், ஆன்மாவும் உடலும் சந்திக்கும் இடமாக மூளையின் நடுவிலுள்ள பீனியல் சுரப்பி காட்டப்பட்டது. மூளையின் மற்றப் பகுதிகள் இடமும் வலமுமாக இரட்டையாக இருக்க, இது மட்டும் ஒன்றாக இருந்ததே அவர் அதைத் தெரிந்தெடுத்ததற்கு முக்கிய காரணம். அவருடைய முடிவு தவறு. ஆயினும் உணர்ச்சி உடலுக்குள் ஒரு பொறிமுறையாக நடக்கிறது, அதன் வழியைத் தேடலாம் என்ற கேள்வி அவரிடம் தெளிவாகவே இருந்தது.

நாங்கள் "நெஞ்சு பதைக்குது", "வயிறு எரியுது" என்கிறோம். அப்படியானால் நம் முன்னோர் மூளையை அறியாமல்தான் பேசினார்களா?

அச்சொற்கள் உணர்ச்சியின் இடத்தைச் சொல்வதைவிட, அது எங்கே தெரிகிறது என்பதையே சொல்கின்றன. தொல்காப்பியம் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டையும் 'மெய்ப்பாடு' என்றே அழைக்கிறது. மெய் என்றால் உடல். உள்ளத்து நிகழ்ச்சி உடலில் வெளிப்படுவதே அங்கு இலக்கணம் ஆயிற்று. அதை மூளைக் கொள்கை என்று உரிமை கொண்டாடுவது பிழை. அது செய்யுளுக்கு எழுதிய இலக்கணம். ஆனால் உடல் வெளிப்பாட்டையும் உணர்ச்சியையும் ஒரே சொல்லில் பிணைத்த மொழியில் வளர்ந்த நமக்கு, கீழே வரும் அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸின் கருத்து ஐரோப்பிய வாசகருக்கு இருந்த அளவு அந்நியமாக இருக்க வேண்டியதில்லை.

பித்தமும் இதைப் போன்றதே. கிரேக்க, உரோம மருத்துவத்தில் குருதி, கோழை, மஞ்சட் பித்தம், கரும்பித்தம் என நான்கு நீர்கள் மனநிலையைத் தீர்மானித்தன. கரும்பித்தம் மிகுந்தால் தீராத துயரம் வரும் என்றனர். நம் சித்த மருத்துவத்தின் வாதம், பித்தம், கபம் வேறு மரபு, வேறு கணக்கு. இரண்டையும் ஒன்றாக்கி விடை எழுதுவோர் ஆண்டுதோறும் இருவராவது இருக்கிறார்கள்.

தலையைத் தடவிப் பார்த்துக் குணம் சொன்னார்களாமே, அதுவும் இதில் சேருமா?

சேரும், ஆனால் ஓரமாக. 1800ஆம் ஆண்டளவில் பிரான்ஸ் ஜோசப் கால் என்ற வைத்தியர், மனத்தின் ஆற்றல்கள் இருபத்தேழு என்றும், ஒவ்வொன்றுக்கும் மூளையில் தனி உறுப்பு உண்டு என்றும், அதன் பருமனை மண்டையோட்டின் மேடுபள்ளங்களில் அறியலாம் என்றும் கூறினார். மேடுபள்ளக் கணக்கு வெறும் கற்பனை. வெவ்வேறு பணிக்கு வெவ்வேறு இடம் என்ற எண்ணம் மட்டும் தப்பிப் பிழைத்தது.

இரும்புக்கம்பி தலையைத் துளைத்த பின் குணமே மாறிப்போன மனிதரின் கதை உண்மையா?

நிகழ்ச்சி உண்மை. 1848 செப்டம்பர் 13ஆம் திகதி, அமெரிக்காவின் வேர்மொண்ட் மாநிலத்தில் புகையிரதப் பாதைக்காகப் பாறை உடைத்த குழுவின் தலைவரான பினியஸ் கேஜ், வெடிமருந்தைத் துளைக்குள் இடித்துக்கொண்டிருக்கையில் அது வெடித்தது. மூன்றரை அடிக்கு மேல் நீளமும் ஏறத்தாழ ஆறு கிலோ எடையும் கொண்ட இடிகம்பி இடது கன்னத்தின் கீழ் நுழைந்து தலையின் மேற்புறத்தால் வெளியேறியது. அவர் சாகவில்லை. அவருக்குச் சிகிச்சை அளித்த ஜோன் ஹார்லோ 1868இல் எழுதிய குறிப்பில், பொறுமையும் ஒழுங்கும் போய், வாயில் வந்ததைப் பேசுபவராகக் கேஜ் மாறினார் என்றும், 'இவர் பழைய கேஜ் அல்லர்' என்று நண்பர்கள் சொன்னார்கள் என்றும் பதிந்துள்ளார். (அதே 1848இல்தான் நமது மானிப்பாயில் அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் கிறீன் உள்ளூர் இளைஞருக்கு மேலைநாட்டு மருத்துவம் கற்பிக்கத் தொடங்கினார், பின்னாளில் அதைத் தமிழிலேயே கற்பித்தார். பாடத்துக்குத் தொடர்பில்லாத செய்திதான், ஆனால் ஆண்டை மறக்காமல் இருக்க உதவும்.)

கதை என்று சொல்லத்தக்கது பின்னர் சேர்ந்தது. வாழ்நாள் முழுவதும் அவர் உருப்படாமல் திரிந்தார் என்று சில குறிப்புகளில் எழுதியிருப்பார்கள். உண்மையில் அவர் சிலி நாட்டில் பல ஆண்டுகள் குதிரை வண்டி ஓட்டி உழைத்து, 1860இல் இறந்தார். குதிரைகளை அடக்கி, நேரம் தவறாமல் பயணிகளை ஏற்றி இறக்கும் வேலை, தன்னைக் கட்டுப்படுத்த முடியாதவர் செய்யும் வேலை அன்று.

பயந்தால்தானே நடுங்கும்? நடுங்குவதால் பயம் வருகிறது என்று ஜேம்ஸ் எப்படிச் சொல்லலாம்?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். வில்லியம் ஜேம்ஸ் 1884இல் எழுதிய கட்டுரையில் காட்டுக் கரடியை உதாரணமாகக் காட்டினார். நான் வகுப்பில் காவோலையை எடுத்துக்கொள்வேன். இரவு ஒன்பது மணிக்கு மின்சாரம் இல்லாத ஒழுங்கை வழியே துவிச்சக்கரவண்டியில் தனியே வருகிறீர்கள். வேலிக்கு அப்பால் பனையிலிருந்து காய்ந்த ஓலை ஒன்று சரசரத்து, மட்டை அடிமரத்தில் மோதி, 'தொப்' என்று விழுகிறது. அது காவோலை என்று அறிவதற்கு முன்பே கைகள் பிரேக்கைப் பிடித்துவிட்டன, மயிர் கூச்செறிந்துவிட்டது, நெஞ்சு அடிக்கிறது. 'ஐயோ, பயந்து போனேன்' என்று நீங்கள் உணர்வது அதற்குப் பின்னர்தான். ஜேம்ஸ் சொல்லும் ஒழுங்கு இதுவே: நிகழ்ச்சியைப் புலன் அறிகிறது, உடல் மாறுகிறது, அம்மாற்றத்தை உணர்வதே அச்சம் என்ற அனுபவம்.

'நடுக்கம் பயத்தை உண்டாக்குகிறது' என்று சுருக்கும்போதுதான் குழப்பம் வருகிறது. அவர் பேசியது பயம் என்னும் உணர்வைப் பற்றி. ஓர் உணர்ச்சியை எண்ணிப் பார்த்து, அதிலிருந்து மூச்சுத் திணறலையும் நெஞ்சுத் துடிப்பையும் கால் தளர்வையும் ஒவ்வொன்றாக நீக்கிவிட்டால் எஞ்சுவது என்ன என்று அவர் கேட்டார். 'இங்கே ஆபத்து உண்டு' என்ற வறண்ட அறிவு மட்டுமே எஞ்சும், அதைப் பயம் என்று யாரும் சொல்லார் என்பது அவர் வாதம். உடலில் தெளிவாகத் தெரியும் வலிய உணர்ச்சிகளையே தாம் கருதுவதாகவும் அவர் எல்லை வகுத்திருந்தார்.

கரடி கூண்டுக்குள் இருந்தால் பயம் வராதே. அப்படியானால் முதலில் சிந்தனைதானே வேலை செய்கிறது?

இதே தடையை அவருடைய காலத்தவரும் எழுப்பினர். 1894இல் ஜேம்ஸ் விடை எழுதினார். உடலைத் தூண்டுவது கரடி என்ற தனிப்பொருள் அன்று, கரடியோடு கூடிய முழுச் சூழ்நிலை. அது நம்மைக் கொல்லும் என்று தோன்றினால் ஓடுவோம், நாம் அதைக் கொல்லலாம் என்று தோன்றினால் எதிர்ப்போம் என்றார். இந்த விடை அவருடைய கொள்கையைக் காப்பாற்றியதா, அல்லது 'தோன்றுதல்' என்ற சொல்லின் வழியே மதிப்பீட்டை உள்ளே அழைத்துவிட்டதா என்பது இன்றும் வாதத்துக்குரியது. அழைத்துவிட்டது என்பதே என் எண்ணம். 1960இல் மக்டா ஆர்னோல்ட் இந்த மதிப்பீட்டையே முதற்படியாக வைத்துத் தனிக் கொள்கை அமைத்தார்.

லாங்கே என்பவர் ஜேம்ஸின் உதவியாளரா?

அல்லர். கார்ல் லாங்கே டென்மார்க் நாட்டு வைத்தியர். 1885இல், ஜேம்ஸைச் சாராமல், இதையொத்த முடிவுக்கு வந்தார். குருதிக் குழாய்கள் சுருங்குவதும் விரிவதுமே உணர்ச்சியின் அடிப்படை என்பது அவர் கொள்கை. ஜேம்ஸ் உடல் முழுவதையும் கருதினார். லாங்கே பெரும்பாலும் குருதியோட்டத்தோடு நின்றுவிட்டார்.

எல்லாம் உடலில் நடக்கிறது என்றால் ஜேம்ஸுக்கு மூளை தேவையில்லையா?

தேவை. அவருடைய கட்டுரை மூளையைப் பற்றிய கேள்வியோடுதான் தொடங்குகிறது. உணர்ச்சிக்கென மூளையில் தனி மையம் உண்டா, அல்லது பார்வை, தொடுகை, அசைவு ஆகியவற்றுக்காக ஏற்கெனவே அறியப்பட்ட பகுதிகளே போதுமா என்று கேட்டு, அவையே போதும் என்று விடை சொல்கிறார். உடல் மாறிய செய்தி மீண்டும் அப்பகுதிகள் உள்ள மேற்பட்டைக்கே (மூளையின் வெளிப்படைக்கே) வந்து சேர்வதால் தனி மையம் வேண்டியதில்லை. 'ஜேம்ஸ் உடல் பக்கம், அவரை மறுத்த கனன் மூளைப் பக்கம்' என்று இரண்டாகப் பிரித்து மனனம் செய்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அவர்களுடைய சண்டை, மூளையில் உணர்ச்சிக்கென ஓரிடம் உண்டா என்பதைப் பற்றியதுமாகும்.

கனன் எதைக் காட்டி ஜேம்ஸை மறுத்தார்?

ஹார்வட் உடற்றொழிலியலாளர் வோல்ட்டர் கனன், அச்சத்திலும் சினத்திலும் அதிரினலின் சுரந்து உடலை ஓடவோ போரிடவோ ஆயத்தப்படுத்துவதை 1915ஆம் ஆண்டு நூலில் விளக்கியவர். உடல் மாற்றங்களை அவ்வளவு நுணுக்கமாக அளந்தவரே 1927இல், அம்மாற்றங்கள் உணர்ச்சியைத் தர மாட்டா என்று எழுதினார். அவருடைய வாதங்களுள் வலியது, பரிவு நரம்புத் தொகுதி (உள்ளுறுப்புகளை ஆபத்துக்கு ஆயத்தப்படுத்தும் நரம்புகள்) முழுவதும் அகற்றப்பட்ட பூனை. குரைக்கும் நாயின் முன் அதை விட்டபோது அது சீறியது, காதுகளைப் பின்மடித்தது, பல்லைக் காட்டியது, அடிக்க முன்காலைத் தூக்கியது. மயிர் மட்டும் சிலிர்க்கவில்லை. அதற்கு முன்பே சார்ள்ஸ் ஷெரிங்டன், கழுத்தளவில் முண்ணாண் (முதுகெலும்புக்குள் ஓடும் நரம்புத்தண்டு) வெட்டப்பட்ட நாய்கள் சினமும் மகிழ்ச்சியும் காட்டுவதைக் கண்டிருந்தார்.

மற்ற வாதங்களும் எளியவை. அச்சத்திலும் சினத்திலும், ஏன் காய்ச்சலிலும் கடுங்குளிரிலும் கூட, உள்ளுறுப்புகளில் ஏறக்குறைய அதே மாற்றங்களே நிகழ்கின்றன. பின் எதைக் கொண்டு பயத்தையும் கோபத்தையும் வேறுபடுத்துவது? உள்ளுறுப்புகளில் உணர்வு மந்தம். மயக்காத நோயாளியின் குடலைச் சத்திரசிகிச்சையாளர் வெட்டினாலும் அவருக்கு அது தெரிவதில்லை. அவற்றின் மாற்றம் தொடங்கவே சில வினாடி ஆகும், உணர்ச்சியோ அதற்கு முன்பே வந்துவிடுகிறது. கடைசியாக, அம்மாற்றங்களைச் செயற்கையாக உண்டாக்கினாலும் உணர்ச்சி வருவதில்லை. இதைக் கீழே தனியே பார்க்கலாம்.

இந்த மறுப்பில் ஓர் ஓட்டை உண்டு. சீறும் பூனை என்ன உணர்ந்தது என்பது எவருக்கும் தெரியாது. ஜேம்ஸ் பேசியது உணர்வை. கனன் அளந்தது நடத்தையை. மேலும் கழுத்தில் வெட்டப்பட்ட நாய்க்கு முகத்திலிருந்து மூளைக்குச் செல்லும் நரம்புகள் அறுபடவில்லை.

'போலிச் சினம்' என்றால் பூனை நடித்ததா?

இல்லை. பெயர் அப்படி வந்துவிட்டது. மூளைய மேற்பட்டை அகற்றப்பட்ட பூனை, வாலை மெல்லத் தொட்டாலே முதுகை வளைத்து, நகம் நீட்டி, சீறி, கண்மணி விரிந்து, குருதியமுக்கம் ஏறி, முழுச் சினத்தில் நிற்கும். ஆனால் தொட்டவரைத் தேடித் தாக்காது. தொடுகை நின்றதும் சினமும் அடங்கும். உடல் முழுவதும் கோபம், கோபத்துக்கு ஆளில்லை. உள்ளே உணர்வு இருந்திருக்க முடியாது என்று கருதியதாலேயே கனன் 'போலி' என்றார்.

1928இல் அவருடைய மாணவர் பிலிப் பார்ட், எதுவரை வெட்டினால் இச்சினம் நிற்கிறது என்று படிப்படியாகப் பார்த்தார். மூளையின் அடியிலுள்ள ஹைப்போதலமஸ் என்ற சிறு பகுதியின் பிற்பாகம் எஞ்சியிருக்கும்வரை சினம் இருந்தது. அதையும் நீக்கியதும் ஒழுங்கான சினம் போய், சிதறிய சில அசைவுகளே மிஞ்சின. மேற்பட்டை சினத்தை உண்டாக்குவதில்லை, அடக்கி வைத்திருக்கிறது என்பது இதிலிருந்து பெறப்பட்டது. சூரிக் நகரில் வோல்ட்டர் ஹெஸ், வெட்டாத மூளையுள்ள பூனைகளின் ஹைப்போதலமஸில் நுண்ணிய மின்வாய் செருகித் தூண்டியபோது, அவை எதிரில் நின்றவரை நோக்கியே பாய்ந்தன. அவருக்கு 1949இல் நோபல் பரிசு கிடைத்தது.

கனன்–பார்ட் கொள்கைக்குத் தலமஸ் என்று எழுதுவதா, ஹைப்போதலமஸ் என்று எழுதுவதா?

பரீட்சையில் தலமஸ் (ஹைப்போதலமஸுக்கு மேலே மூளையின் நடுவிலுள்ள பகுதி) என்றே எழுதுங்கள், ஏனெனில் கனன் தம் கொள்கையைத் தலமஸின் பெயரால்தான் அமைத்தார். புலன்செய்தி தலமஸை அடைந்ததும் அங்கிருந்து ஒரே வேளையில் மேலே மேற்பட்டைக்கும் கீழே உடலுக்கும் செல்கிறது. மேலே சென்றது உணர்வாகிறது, கீழே சென்றது நடுக்கமாகிறது. ஒன்று மற்றதற்குக் காரணம் அன்று. ஆனால் பார்ட்டின் வெட்டுகள் உண்மையில் சுட்டியது ஹைப்போதலமஸை என்பதையும் ஒரு வரியில் சேர்த்தால், பாடத்தைப் படித்தவர் என்பது திருத்துபவருக்குத் தெரியும்.

பப்பேஸ் சுற்றுக்கும் விசர்நாய்க்கடிக்கும் என்ன தொடர்பு?

நல்ல தொடர்பு உண்டு. விசர்நாய்க்கடி நோய் முற்றியவர் காரணமின்றி அஞ்சுவார், சீறுவார். தண்ணீரைக் கண்டால் தொண்டை இறுகும். அந்நோயால் இறந்தோரின் மூளையில் நெக்ரி உடல்கள் எனப்படும் நோய்க்குறிகள் ஹிப்போகம்பஸ் என்ற பகுதியில் செறிந்து காணப்படும். அமெரிக்க உடலமைப்பியலாளர் ஜேம்ஸ் பப்பேஸ், உணர்ச்சி கொந்தளிக்கும் நோய் இவ்விடத்தைத் தாக்குவது தற்செயலாக இருக்காது என்று கருதினார்.

1937இல் அவர் ஒரு வளையத்தை முன்வைத்தார். ஹிப்போகம்பஸில் புறப்படும் செய்தி, போனிக்ஸ் என்ற நரம்புக்கற்றை வழியே ஹைப்போதலமஸின் மாமிலரி உடல்களை அடைந்து, அங்கிருந்து தலமஸின் முன்பகுதிக்கும், பின் சிங்குலேற் மேற்பட்டைக்கும் ஏறி, மீண்டும் ஹிப்போகம்பஸுக்கே திரும்புகிறது. சிங்குலேற் மேற்பட்டையே உணர்ச்சி அனுபவத்தின் வாயில் என்றார். கனன் ஒரு நிலையத்தைச் சொன்னார். பப்பேஸ் ஒரு சுற்றுப்பாதையை வரைந்தார். பாதைகள் பெரும்பாலும் உள்ளவையே. அவை செய்யும் வேலையில்தான் அவர் தவறினார்: ஹிப்போகம்பஸ் முதன்மையாக நினைவுக்கு உரியது என்பது, 1953இல் வலிப்புக்காக இரு பக்க ஹிப்போகம்பஸும் அகற்றப்பட்டுப் புதிய நினைவுகளைப் பதியும் ஆற்றலை இழந்த நோயாளி ஒருவரால் தெரியவந்தது.

பாம்புக்கு அஞ்சாத குரங்கு எந்தக் கொள்கையைச் சேர்ந்தது?

அது கொள்கை அன்று, கண்டுபிடிப்பு. பப்பேஸ் எழுதிய அதே 1937இல், ஹைன்ரிஹ் குளூவரும் சத்திரசிகிச்சையாளர் போல் பியூசியும், பொட்டுப்பக்க மூளைமடல்கள் இரண்டையும் அகற்றிய குரங்குகள் பற்றி அறிவித்தனர். மூர்க்கமான குரங்குகள் சாதுவாயின. பாம்பைக் கண்டால் அலறியோடும் விலங்கு அதைக் கையில் எடுத்து வாயில் வைத்துப் பார்த்தது. கண் பார்த்தது, பார்த்த பொருளின் பொருள் தெரியவில்லை. 1956இல் லோரன்ஸ் வைஸ்கிரான்ட்ஸ், இம்மாற்றத்தில் பெரும்பங்கு அம்மடலுக்குள் இருக்கும் அமிக்டலா என்ற சிறு பகுதியின் இழப்பால் வருவது என்று காட்டினார். பப்பேஸின் வளையத்தில் அமிக்டலாவுக்கு இடமே இருக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

'லிம்பிக் தொகுதி', 'பல்லி மூளை' என்பவற்றை இன்னும் கற்பிக்கலாமா?

முதலாவதைக் கவனத்தோடு கற்பிக்கலாம். மூளையின் உள்விளிம்பைச் சுற்றிய பகுதிக்கு 1878இல் போல் புரோக்கா 'விளிம்பு மடல்' என்ற பொருளில் லிம்பிக் என்று பெயரிட்டார். போல் மக்லீன் பப்பேஸின் வளையத்தோடு அமிக்டலாவையும் பிறவற்றையும் சேர்த்து 1949இல் 'உள்ளுறுப்பு மூளை' என்றும், 1952இல் 'லிம்பிக் தொகுதி' என்றும் அழைத்தார். எவை அத்தொகுதியில் அடங்கும் என்பதில் இன்றுவரை ஒருமித்த பட்டியல் இல்லை. சுருக்கப் பெயராகப் பயன்படும், விளக்கமாகப் பயன்படாது.

பல்லி மூளையை விட்டுவிடலாம். ஊர்வன மூளை, அதன்மேல் பழைய முலையூட்டி மூளை, அதன்மேல் புதிய மூளை என்று மாடிவீடு போல அடுக்கிய மக்லீனின் படம் பயிற்சிப் பட்டறைகளில் இன்னும் உலாவுகிறது. மூளையின் கூர்ப்பு அப்படி நிகழவில்லை. ஊர்வனவற்றுக்கும் அமிக்டலாவுக்கு ஒப்பான பகுதி உண்டு.

அதிரினலின் ஊசி போட்டால் பயம் வருமா?

1924இல் ஸ்பானிய வைத்தியர் கிரெகோரியோ மாரன்யோன் 210 பேருக்கு அவ்வாறு செலுத்திப் பார்த்தார். பெரும்பாலோர் படபடப்பையும் நடுக்கத்தையும் மட்டுமே கூறினர். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் 'பயந்தது போல இருக்கிறது' என்றனர். 'போல' என்பதே அங்கு உயிர்ச்சொல். மிகச் சிலருக்கே உண்மையான துயரம் பொங்கியது. ஊசிக்கு முன் நோயுற்ற பிள்ளையைப் பற்றியோ இறந்த பெற்றோரைப் பற்றியோ பேசியிருந்தவர்களிடமே பெரும்பாலும் அவ்வாறு நிகழ்ந்தது.

கனன் இதைத் தம் பக்கச் சான்றாக எடுத்தார். 1962இல் உளவியலாளர்கள் ஷாக்டரும் சிங்கரும் இதே வழியில் சென்று, உடற்கிளர்ச்சியும் அதற்குச் சூழ்நிலை தரும் விளக்கமும் சேர்ந்தே உணர்ச்சி ஆகிறது என்றனர். அவர்களுடைய பரிசோதனையைப் பின்னர் செய்தவர்களுக்கு அதே முடிவு சரிவரக் கிடைக்கவில்லை என்பதைப் பாடநூல்கள் அடிக்குறிப்பில் ஒளித்துவைத்திருக்கும்.

முண்ணாண் பாதிக்கப்பட்டவர்களுக்கு உணர்ச்சி குறையும் என்று ஒருவர் சொன்னார். எங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருக்கிறார். உண்மையா?

அப்படி முடிவுகட்ட வேண்டாம். 1966இல் ஜோர்ஜ் ஹோமன், முண்ணாண் காயமுற்ற 25 ஆண்களை நேர்கண்டு, காயம் கழுத்துக்கு அண்மையில் இருந்தவர்கள் அச்சமும் சினமும் முன்னைவிடக் குறைவு என்று கூடுதலாகச் சொன்னதாக அறிவித்தார். ஜேம்ஸுக்கு இது சாதகமாகத் தோன்றியது. பின் வந்த ஆய்வுகளில் ஆழ்ந்த உணர்ச்சிகள் அப்படியே இருப்பதாகச் சொன்னவர்களே மிகுதி. ஒரு பழைய ஆய்வை வைத்து வீட்டிலுள்ளவரின் உள்ளத்தை அளவிட இயலாது, அவரையே கேளுங்கள்.

ஹெலிகொப்டர் சத்தம் கேட்டால் அம்மாவுக்கு இன்றும் கை நடுங்குகிறது. ஆபத்தில்லை என்று அவருக்கு நன்றாகத் தெரியும். எந்தக் கொள்கை இதை விளக்கும்?

இக்கேள்வியை வெவ்வேறு ஆண்டுகளில் வெவ்வேறு பிள்ளைகள் கேட்டிருக்கிறார்கள்; ஒருமுறை ஒரு தாயே கேட்டார். அறிவை முந்திக்கொண்டு உடல் எழுவதை ஜேம்ஸ் சரியாகக் கண்டார். காவோலை உதாரணத்தில் கூறியது இங்கும் பொருந்தும். ஆனால் காவோலையைக் காவோலை என்று அறிந்ததும் உடல் தணிந்துவிடும். அம்மாவின் கை தணிவதில்லை. செய்தி மேற்பட்டைக்கு ஏறும்போதே கீழும் பிரிகிறது என்ற கனனின் படம் அதற்குச் சற்று அண்மையில் வருகிறது. 1980களில் ஜோசப் லெடூ எலிகளில் செய்த ஆய்வு இதைத் துலக்கியது. ஓர் ஒலியோடு மின்னதிர்ச்சி சேர்த்துப் பழக்கிய எலிக்கு, ஒலிக்குரிய மேற்பட்டையை அகற்றிய பின்பும் அவ்வொலி அச்சத்தைத் தந்தது. தலமஸிலிருந்து மேற்பட்டைக்குச் செல்லாமல் நேரே அமிக்டலாவுக்குச் செல்லும் குறுக்குவழி ஒன்று இருந்தது. 'அது ஆபத்தில்லை' என்ற அறிவு மற்ற வழியில்தான் வருகிறது.

ஆகவே 'தெரிந்தும் ஏன் நடுங்குகிறீர்கள், அம்மா' என்று கேட்பதில் பயனில்லை. இந்நடுக்கம் அவருடைய உறக்கத்தையோ அன்றாட வேலையையோ குலைக்குமானால், அது இப்பக்கத்தில் தீரும் விடயம் அன்று; உளமருத்துவப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். முதல் தடவை கூடவே போய், வெளியில் வாங்கில் காத்திருங்கள்.